காதுக்கு முன்னால் ஒரு மூட்டு

உங்கள் ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு, மெதுவாக வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரல் நுனிக்குக் கீழே ஏதோ ஒன்று முன்னே நகர்ந்து மறுபடியும் பின்னே வருவதை உணர்வீர்கள். அதுதான் தாடை மூட்டு. பேசும்போதும் ஓதும்போதும் சாப்பிடும்போதும் கொட்டாவி விடும்போதும் அது அசைகிறது. தூக்கத்தில் எச்சில் விழுங்கும்போதுகூட அதற்கு வேலை இருக்கிறது. முழங்கால் வலித்தால் உட்கார்ந்துவிடலாம். கை முறிந்தால் கட்டுப் போட்டுத் தொங்கவிடலாம். தாடைக்கு அப்படி முழு ஓய்வு கொடுக்க வழியில்லை.

இருந்தும் நம்மில் பலர் இந்த மூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. அது வலிக்கும்போது காதுவலி என்று நினைக்கிறோம். பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கச் சொல்பவர்களும் உண்டு. கடைசியில் வாய் திறக்க முடியாத நிலை வந்து, "சத்திரசிகிச்சை" என்ற சொல் காதில் விழுந்ததும் வீடே பயந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, இன்று இந்த மூட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்பதை இயன்றவரை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டின் அமைப்பு

கீழ்த்தாடை என்பின் இரு பக்கங்களிலும் மேல்நோக்கி எழும் பகுதியின் நுனியில் உருண்டையான ஒரு தலை இருக்கிறது. அது காதுக்கு முன்னால் மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் பொருந்துகிறது. இரண்டு என்புகளும் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் ஒரு சிறிய தட்டு உண்டு. உறுதியான நார்களால் ஆன இந்தத் தட்டு நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் இருக்கும். தலையில் தொப்பி இருப்பதுபோல இது தாடைத் தலையின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

தட்டுக்கு மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை என மூட்டினுள் இரண்டு அறைகள் உள்ளன. மேலறையில் கொள்ளும் திரவம் ஏறக்குறைய 1 மில்லிலீற்றர்தான். அதாவது ஒரு தேக்கரண்டியின் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இடத்தில்தான் இரண்டு வகையான அசைவுகள் நடக்கின்றன. வாயைத் திறக்கத் தொடங்கும்போது தாடைத் தலை கதவுப் பிணைச்சலைப் போல நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் அகலமாகத் திறக்கும்போது மேசை லாச்சியை இழுப்பதுபோலத் தலையும் தட்டும் சேர்ந்து முன்னோக்கி வழுக்குகின்றன. நாம் விரலால் உணர்ந்தது அந்த வழுக்கலைத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலது மூட்டும் இடது மூட்டும் ஒரே என்பின் இரண்டு முனைகள். ஒன்று அசையாமல் மற்றது மட்டும் அசைய முடியாது. ஒரு பக்கம் பழுதானால் மறு பக்கமும் சுமக்கிறது.

எது பழுதாகிறது?

தாடை வலியோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூட்டுக்குள் பெரிய பழுது இருப்பதில்லை. தாடையை அசைக்கும் தசைகள்தான் களைத்துப் போயிருக்கும். பல்லை இறுகக் கடித்தல், தூக்கத்தில் பல் நெருமுதல், மனஅழுத்தம் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன.

இரண்டாவது வகை தட்டு இடம் மாறுவது. நெற்றிப் பக்கம் சரிந்த தொப்பியைப் போலத் தட்டு தாடைத் தலைக்கு முன்னால் நழுவிவிடும். வாயைத் திறக்கும்போது தலை அதன்மேல் ஏறினால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வலி இல்லாமல், வாயும் நன்றாகத் திறந்தால், இந்தச் சத்தத்துக்கு மட்டும் சிகிச்சை தேவையில்லை. ஆனால் சிலருக்கு ஒரு நாள் சத்தம் நின்றுவிடும். கூடவே வாயும் பாதிதான் திறக்கும். நழுவிய தட்டு திரும்பி வராமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பது அதன் பொருள். இதைத் தாடைப் பூட்டு என்று சொல்லலாம்.

மூன்றாவது, மூட்டு அழற்சியும் தேய்வும். கை, கால் மூட்டுகளைப் பாதிக்கும் வாத நோய்கள் இந்த மூட்டையும் விட்டுவைப்பதில்லை.

இந்தக் கோளாறுகள் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அதுவும் 20 முதல் 40 வயது வரையானோரிடம் அதிகம் காணப்படுகின்றன.

வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் வாய் பொதுவாக 40 மில்லிமீற்றருக்கு மேல் திறக்கும். மூன்று விரல்களும் அவ்வளவுக்குத்தான் வரும். இரண்டு விரல்களுக்குமேல் நுழையவில்லை என்றால் காட்டிக்கொள்வது நல்லது.

எல்லாப் பூட்டும் ஒரே பூட்டல்ல

வாய் திறக்காமைக்கு மூட்டு மட்டும் காரணமல்ல. நமது பிரதேசத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் வட்டா வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நாம். நம் மூத்தம்மாமார் பலருக்கு வெற்றிலையும் பாக்கும் சாப்பாட்டைவிட முக்கியம். தொடர்ந்து பாக்குச் சப்பும்போது கன்னத்தின் உட்புறத் தோலுக்குக் கீழே நார் வளர்ந்து, கன்னம் விறைத்து, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போகும் நோய் ஒன்று உண்டு. காரமான கறி பட்டாலே வாய் எரிவதும், கன்னத்தின் உட்புறம் வெளிறிப் போவதும் இதன் ஆரம்ப அடையாளங்கள். இந்நோய் வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. இதற்கும் தாடை மூட்டுக்கும் சம்பந்தமில்லை. மூட்டுக்குச் செய்யும் சிகிச்சை இதைக் குணப்படுத்தவும் மாட்டாது. முதலில் பாக்கை நிறுத்த வேண்டும்.

முளைக்க இடமில்லாத ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் கட்டினாலும் வாய் திறக்காது. காய்ச்சலும் வீக்கமும் கூடவே வரும். காயம் பட்டவருக்குச் சில நாட்களில் தாடை இறுகினால் அது ஏற்புவலியாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறு வயதிலும் பாடசாலையிலும் நமக்கு ஏற்றப்பட்ட தடுப்பூசிகளால்தான் ஏற்புவலி இன்று அரிதாகிவிட்டது.

கையிலிருந்து கத்திக்கு

தாடை மூட்டுக்கு வைத்தியம் செய்வது புதிய விடயமல்ல. விலகிய தாடையைக் கையால் பிடித்து மீண்டும் குழிக்குள் இருத்தும் முறை கிரேக்கர் காலத்திலேயே இருந்தது. கொர்டோவாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி (936-1013) தமது முப்பது பாக மருத்துவ நூலான "அத்தஸ்ரீப்"இன் சத்திரசிகிச்சைப் பகுதியில் இதை எழுதியிருக்கிறார். இப்னு ஸீனாவும் (980-1037) தமது "அல்கானூன்" நூலில் விளக்கியிருக்கிறார். இன்றும் வாய் மூட முடியாமல் அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு வைத்தியர் செய்வது ஏறத்தாழ அதே கைமுறைதான்: பெருவிரல்களால் கீழ்த்தாடையைக் கீழே அழுத்திப் பின்னோக்கித் தள்ளுவது.

ஆனால் உள்ளே நழுவிய தட்டைக் கையால் பிடிக்க முடியாது. 1887இல் எடின்பரோவில் தோமஸ் அனண்டேல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூட்டை வெட்டித் திறந்து, நழுவிய தட்டை இழுத்துத் தைத்த செய்தியை வெளியிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் சத்திரசிகிச்சை என்றால் காதுக்கு முன்னால் வெட்டித் திறப்பதுதான் என்றிருந்தது.

அங்கேதான் பயத்தின் வேர் இருக்கிறது. முகத் தசைகளுக்குப் போகும் நரம்பின் கிளைகள் இந்த மூட்டுக்கு மிக அருகில் செல்கின்றன. நெற்றியைச் சுருக்குவதும் கண்ணை மூடுவதும் அவற்றால்தான். வெட்டும்போது அவை இழுபட்டால் அந்தப் பக்க நெற்றியோ கண்ணிமையோ சில மாதங்களுக்குச் சரியாக இயங்காமல் போகலாம். அரிதாக அது நிரந்தரமாகவும் ஆகலாம். "முகத்தில் கத்தி வைத்தால் முகம் கோணிப் போகும்" என்று பெரியவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல.

வேறொரு கசப்பான அனுபவமும் உலகில் நடந்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் பழுதான தட்டை எடுத்துவிட்டு டெஃப்லோன் கலந்த செயற்கைத் தட்டுகளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அவை மெல்லும் அழுத்தத்தில் நொறுங்கின. அந்தத் துகள்களுக்கு எதிராக உடல் கொதித்தெழுந்ததில் சுற்றியிருந்த என்பும் கரைந்தது. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. பெரிதாகச் செய்தால் பெரிதாகக் குணமாகும் என்ற எண்ணம் இந்த மூட்டின் விடயத்தில் பிழைத்துப் போனது.

ஒரு துவாரம் போதும்

மாற்று வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1918இல் டோக்கியோவில் கென்ஜி டக்காகி என்ற பேராசிரியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். மூட்டை வெட்டாமல் உள்ளே பார்க்கும் கலை அங்கே தொடங்கியது. கருவி சிறுத்துக்கொண்டே வந்தது. 1975இல் மசதோஷி ஒனிஷி அதைத் தாடை மூட்டுக்குள் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். இன்று இதற்குப் பயன்படும் குழாயின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். அதன் நுனியில் ஒளி இருக்கும். உள்ளே தெரிவதைத் திரையில் பார்த்துக்கொண்டே, இன்னொரு சிறு துவாரத்தின் வழியாக ஒட்டிப்போன நார்களை விடுவிக்கலாம்.

பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது. 1980களில் சாண்டர்ஸ் முதலிய வைத்தியர்கள் தாடை பூட்டியவர்களுக்குக் குழாய் வழியாக மூட்டைக் கழுவி, ஒட்டுகளை மட்டும் விடுவித்தார்கள். தட்டைப் பழைய இடத்தில் தைக்கவில்லை. ஆனாலும் வாய் திறந்தது, வலி குறைந்தது. அப்படியானால் குணப்படுத்தியது எது? கழுவியதுதானோ என்ற கேள்வி எழுந்தது. 1991இல் நிட்சன், டோல்விக், மார்ட்டினஸ் ஆகிய மூவரும் குழாயையும் விட்டுவிட்டு, இரண்டு ஊசிகளால் மட்டும் மூட்டைக் கழுவும் முறையை வெளியிட்டார்கள். அதுதான் இன்று உலகெங்கும் நடைபெறும் மூட்டுக் கழுவல் சிகிச்சை.

அதைச் செய்யும் விதம் இதுதான். காதுக்கு முன்னால் விறைப்பூசி போடுகிறார்கள். சிலருக்கு மயக்க மருந்தும் கொடுப்பதுண்டு. பிறகு காதின் முன்மடலுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் முன்னால் ஓர் ஊசியை மேலறைக்குள் செலுத்துகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் இரண்டாவது ஊசி. கிருமி நீக்கிய உப்புக் கரைசல் முதல் ஊசியால் உள்ளே போய் இரண்டாவது ஊசியால் வெளியே வருகிறது. பொதுவாக 100 மில்லிலீற்றருக்குக் குறையாமல் செலுத்துவார்கள். மேலறை கொள்வது 1 மில்லிலீற்றர் என்பதால், அந்தச் சிறு அறை நூறு தடவைக்குமேல் அலசப்படுகிறது என்று அர்த்தம். அழற்சியை உண்டாக்கும் பொருட்கள் அடித்துச் செல்லப்படுகின்றன. நீரின் அழுத்தத்தில் குழியோடு ஒட்டியிருந்த தட்டு விடுபடுகிறது. நடுவே வைத்தியர் தாடையை மெதுவாக அசைத்துத் திறக்கிறார். ஏறக்குறைய அரை மணித்தியால வேலை. தையல் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மாரியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வாவி நீர் வெளியேற வழியின்றிப் படுவான்கரை வயல்களில் ஏறிவிடும். அப்போது யாரும் வாவியைத் தோண்டுவதில்லை. முகத்துவாரத்தில் மணலை வெட்டி ஒரு வாய்க்கால் விடுகிறார்கள். மீதியை நீரின் ஓட்டமே பார்த்துக்கொள்கிறது.

எங்கள் குடும்பத்தில்

என் சாச்சிக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. முதலில் காதுவலி என்று மாதக்கணக்கில் காதுக்கே மருந்து போட்டார். பிறகு வாய் ஒன்றரை விரலளவு மட்டுமே திறந்தது. புட்டை உருட்டி வாயில் வைக்க முடியாமல் கஞ்சியும் தயிருமாக நாட்கள் போயின. பல் வைத்தியர் நிபுணரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தும், அந்தக் கடிதம் வெகுநாள் அலுமாரியில் கிடந்தது. "முகத்துல கத்தி வெச்சா வாய் கோணிப் போயிரும் மகள். பொம்புளப் புள்ள, நாளைக்கு யார் பொறுப்பு?" என்று மூத்தம்மா சொன்னதுதான் காரணம். சாச்சிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் உம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். நிபுணர் உடனே ஊசி போடவில்லை. முதலில் மென்மையான உணவு, வலி மருந்து, சுடுநீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் பற்களுக்கு அணியும் தகடு என்று சில மாதங்கள் போயின. வலி குறைந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. அதன் பிறகுதான் கழுவல். முக்காட்டைக் காதோரம் சிறிது விலக்கினால் போதுமாக இருந்தது. ஒரு பெண் தாதி கூடவே நின்றிருக்கிறார். அன்றைக்கே வீட்டுக்கு வந்த சாச்சியின் கன்னத்தைப் பார்த்த மூத்தம்மா, "நுளம்பு கடிச்ச மாதிரி ரெண்டு புள்ளிதானே கிடக்கு" என்றார். வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றியது. பயிற்சியை விடாமல் செய்ததில் சில வாரங்களில் மூன்று விரல் நுழையுமளவு வாய் திறந்தது. "டக்" சத்தம் இன்னும் சில வேளைகளில் வரும். அதைப் பற்றி அவர் இப்போது கவலைப்படுவதில்லை.

எதைச் செய்யாது?

இந்தச் சிகிச்சை மந்திரமல்ல. நழுவிய தட்டைப் பழைய இடத்துக்கு அது கொண்டு வருவதில்லை. தட்டு அங்கேயே இருந்தாலும் மூட்டு பழகிக்கொள்ள வழி செய்கிறது, அவ்வளவுதான். தசை வலிக்கு அது மருந்தல்ல. பல் நெருமும் பழக்கம் தொடர்ந்தால் வலியும் திரும்பி வரலாம். விறைப்பூசியின் தாக்கத்தில் சில மணித்தியாலங்கள் கண்ணிமை சோர்ந்திருப்பது, வீக்கம், இரத்தக் கசிவு ஆகியவை ஏற்படக்கூடும். கிருமித் தொற்று அரிது. சிலருக்குப் பலன் கிடைக்காமலும் போகும்.

ஆகவே வைத்தியர்கள் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். முதற்படி ஓய்வு, பயிற்சி, மருந்து, தகடு. அதிகமானோர் அந்தப் படியிலேயே சுகமடைகிறார்கள். இரண்டாவது படி ஊசியால் கழுவுதல். மூன்றாவது குழாய் வழிச் சிகிச்சை. மூட்டைத் திறப்பதும் செயற்கை மூட்டுப் பொருத்துவதும் கடைசிப் படி. மூட்டு என்பே ஒட்டிப் போனவர்களுக்கும் கட்டி உள்ளவர்களுக்கும் அது இன்றும் தேவைப்படுகிறது.

யாரிடம் போவது?

காதுவலி மருந்துக்குக் குறையாவிட்டால் பல் வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவிலிருந்து தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர்கள் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். நம் நாட்டில் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் ஆரம்பித்து 1954இல் பேராதனைக்குச் சென்றது. அங்குள்ள பல் போதனா வைத்தியசாலை நாடெங்கிலுமிருந்து நோயாளரைப் பார்க்கிறது. அரச வைத்தியசாலைகளில் இவை இலவசமாகக் கிடைக்கும் சேவைகள்.

போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோய் தசையிலா, மூட்டிலா? கத்தி இல்லாத வழிகள் எல்லாம் முடிந்துவிட்டனவா? எந்தப் படியில் இருக்கிறோம்? பெண் தாதி உடனிருப்பாரா? இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல வைத்தியரும் நினைக்க மாட்டார்.

சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும்

இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்தும் பற்கள் விலகியும் இருக்க வேண்டும். பரீட்சை நெருங்கும் நாட்களில் நாம் நம்மை அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டுதான் கணக்குச் செய்கிறோம். மேசைக்கு முன்னால் "பல்லை விடு" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் பலன் உண்டு. சூயிங்கம் மெல்வதையும், பேனை மூடியைக் கடிப்பதையும், கையில் தாடையை முட்டுக் கொடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் படிப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். கொட்டாவி வரும்போது அதை இயன்றவரை அடக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கத்தைப் பேணினால், தாடை அளவுக்கு மீறித் திறந்து விலகுவதிலிருந்தும் அது காக்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இரவில் பிள்ளை பல் நெருமும் சத்தம் கேட்டால், காலையில் தாடை வலிக்கிறது என்று மகள் சொன்னால், "படிக்கக் கள்ளம்" என்று தட்டிக் கழிக்காதீர்கள். ஆரம்பத்தில் காட்டினால் ஒரு தகடோடும் சில பயிற்சிகளோடும் முடிந்துபோகக்கூடிய விடயம் இது. வைத்தியரின் கடிதம் உங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்குமானால், இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். முதல் நாளிலேயே யாரும் கத்தியைக் கையில் எடுப்பதில்லை.